பதினோரு வாரமாக இரையைத் தொடாத பால் பைத்தான்: என்ன செய்வது?

பொன்வண்டு | நவம்பர் 9, இரவு 11:20

அனைவருக்கும் வணக்கம். சுருளி என்ற ஆண் பால் பைத்தானை (ball python, மலைப்பாம்பு வகைகளில் ஒன்று) இரண்டு வருடமாக வளர்க்கிறேன். வயது மூன்று. கடைசியாக இரை எடுத்தது ஆகஸ்டு 24 அன்று. இன்றோடு பதினோரு வாரம் முடிந்துவிட்டது.

அதுவரை பத்து நாளுக்கு ஒரு முறை, உறைந்த எலியைச் சூடாக்கி இடுக்கியால் நீட்டினால், கண் இமைப்பதற்குள் பாய்ந்து பிடித்துச் சுருட்டிக்கொள்வான். இப்போது எலி அருகில் வந்தாலே கழுத்தைப் பின்னுக்கு இழுத்து, சுருளுக்குள் தலையைப் புதைத்துக்கொள்கிறான். மூன்று நாளுக்கு ஒரு முறை கொடுத்துப் பார்க்கிறேன். பெரிய எலி, சிறிய எலி, சுண்டெலி எல்லாம் மாற்றிப் பார்த்தாயிற்று. இரவு முழுவதும் தொட்டிக்குள்ளேயே விட்டுவைத்தேன். காலையில் நாற்றமெடுத்த எலியை எடுத்துப் போடும்போது நெஞ்சு கனக்கிறது. பயந்திருப்பானோ என்று தினமும் மாலையில் அரை மணி நேரம் மடியில் வைத்துத் தடவிக் கொடுக்கிறேன்.

ஆகஸ்டு கடைசி வாரத்தில் அவனைப் பழைய பிளாஸ்டிக் பெட்டியிலிருந்து நான்கடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டிக்கு மாற்றினேன். நன்றாக நீட்டிப் படுக்கட்டும் என்றுதான் வாங்கினேன். அதைத் தவிர வேறு எந்த மாற்றமும் செய்யவில்லை. அவன் பட்டினியால் செத்துவிடுவானா? தயவுசெய்து யாராவது சொல்லுங்கள்.

கரையான்புற்று | நவம்பர் 10, காலை 6:05

நண்பரே, முதலில் மூச்சை இழுத்து விடுங்கள். மூன்று வயது ஆண், பதினோரு வாரம் என்பது இந்த இனத்தில் அடிக்கடி நடப்பது. பதினான்கு வருடமாக வளர்க்கிறேன். என்னிடம் இருக்கும் ஒன்பதில், ஒரு முறையாவது மூன்று மாதம் பட்டினி கிடக்காத ஆண் ஒன்றுகூட இல்லை. ஆனாலும் 'தானாகச் சரியாகிவிடும்' என்று இப்போதே சொல்ல மாட்டேன். சில விவரங்கள் வேண்டும்.

இப்போது எடை எவ்வளவு? இரையை நிறுத்துவதற்கு முன் எவ்வளவு? சூடான பக்கத்தில் தரையின் வெப்பம் எத்தனை டிகிரி, குளிர்ந்த பக்கத்தில் எத்தனை? அதை எந்தக் கருவியால், எந்த இடத்தில் அளந்தீர்கள்? அவன் ஒளிந்துகொள்ள வைத்திருக்கும் ஒளிவிடங்கள் எத்தனை, அவற்றின் வாசல் எவ்வளவு அகலம்? கடைசியாகச் சட்டை உரித்தது எப்போது, ஒரே துண்டாக வந்ததா? மூச்சு விடும்போது சத்தம் வருகிறதா, வாயோரத்தில் எச்சில் நுரை இருக்கிறதா? தொட்டியின் படத்தையும் போடுங்கள்.

இன்னொன்று. இதற்குப் பதில் கிடைக்கும் வரை எலியும் வேண்டாம், மடியும் வேண்டாம்.

பொன்வண்டு | நவம்பர் 10, இரவு 9:48

மிக்க நன்றி. இன்று தராசு வாங்கி, ஒரு பிளாஸ்டிக் பெட்டியில் அவனை வைத்து எடை பார்த்தேன். 1,085 கிராம். ஆகஸ்டில் 1,140 இருந்தான்.

தொட்டியின் மேல் மூலையில் வட்டமான வெப்பமானி ஒன்று ஒட்டியிருக்கிறது. அது 28 டிகிரி காட்டுகிறது. அடியில் வெப்பப்பாய் வைத்திருக்கிறேன், தெர்மோஸ்டாட் (சூட்டைத் தானாகக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லை. ஒளிவிடம் ஒன்றுதான், பாதி மரத்தண்டு போல வளைந்திருக்கும், இரு பக்கமும் திறந்தது. ஈரப்பதம் பார்க்கும் கருவி என்னிடம் இல்லை. சட்டை ஜூலையில் ஒரே துண்டாக உரித்தான். மூச்சில் சத்தம் இல்லை, வாய் சுத்தமாக இருக்கிறது. படம் இணைத்திருக்கிறேன்.

கரையான்புற்று | நவம்பர் 10, இரவு 10:30

1,140-இல் 55 கிராம் குறைந்திருக்கிறது. ஐந்து விழுக்காடுகூட இல்லை, அதுவும் பதினோரு வாரத்தில். அவன் பட்டினியால் சாகப் போவதில்லை. இன்றிரவு நிம்மதியாகத் தூங்குங்கள்.

அடுத்து, படத்தைப் பார்த்ததும் என் மனதில் பட்டதைச் சொல்கிறேன். நான்கு பக்கமும் வெறும் கண்ணாடி. நடுவில் ஒரே ஒரு வளைந்த மரத்துண்டு. அதற்குள் சுருளி படுத்திருக்கிறான், ஆனால் உடம்பில் பாதி வெளியே தெரிகிறது. இந்தப் பாம்பு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள். மேற்கு ஆப்பிரிக்காவின் புல்வெளிகளில், கானா, டோகோ, பெனின் போன்ற நாடுகளில், பகல் முழுவதும் எலி வளைக்குள்ளும் கைவிடப்பட்ட கரையான் புற்றுக்குள்ளும் அடைந்து கிடக்கும் உயிரினம். (என் புனைபெயரும் அங்கிருந்து வந்ததுதான்.) வெட்டவெளி என்பது அதற்குக் கழுகும் கீரியும் வரும் இடம். ஆபத்து வந்தால் தலையை நடுவில் வைத்துப் பந்து போலச் சுருண்டுகொள்வதால்தான் பால் பைத்தான் என்ற பெயரே வந்தது. எலியை நீட்டும்போது தலையைப் புதைக்கிறான் என்று எழுதினீர்களே, அது பசியின்மை அல்ல. பயம்.

பெரிய தொட்டி தவறு என்று சொல்லவில்லை. உடம்பை நீட்ட இடம் இருப்பது நல்லதுதான். ஆனால் பெரிய தொட்டியில் காலி இடம் இருக்கக் கூடாது. ஒரே அளவுள்ள இரண்டு ஒளிவிடங்கள் வேண்டும், ஒன்று சூட்டில், ஒன்று குளிர்ச்சியில். ஒரே ஒரு வாசல், அதுவும் சிறியதாக. உள்ளே சுருண்டால் முதுகும் இரு பக்கங்களும் சுவரில் உரச வேண்டும். நமக்கு நெருக்கமாகத் தெரிவதுதான் அதற்குப் பாதுகாப்பு. ஒரே ஒளிவிடம் இருந்தால், பாம்பு சூட்டுக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கும். அது எப்போதும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும், சூட்டை விட்டுவிடும். சூடு இல்லாவிட்டால் செரிமானம் இல்லை, செரிமானம் இல்லாவிட்டால் பசியும் இல்லை.

மூன்று பக்கக் கண்ணாடியையும் வெளிப்புறத்தில் காகிதத்தால் மூடிவிடுங்கள். செயற்கை இலைகள், மரப்பட்டை, கிளைகள், வெறும் அட்டைப் பெட்டி, எது கிடைத்தாலும் சரி, நடுவில் நிரப்புங்கள். ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு அவன் வெளியே தெரியாமல் ஊர்ந்து போக முடிய வேண்டும்.

நீலச்சிறகு | நவம்பர் 11, காலை 7:15

ஊர்வனவற்றுக்குச் சிகிச்சை தரும் ஒரு மருத்துவமனையில் உதவியாளராகப் பணிபுரிகிறேன். வெப்பத்தைப் பற்றி மட்டும் சேர்க்கிறேன், ஏனென்றால் எனக்கு இதில் கவலை அதிகம்.

தெர்மோஸ்டாட் இல்லாத வெப்பப்பாயை இன்றே நிறுத்துங்கள். மேல் மூலையில் ஒட்டிய வட்ட வெப்பமானி அந்த மூலையின் காற்றைத்தான் சொல்லும். தரை எவ்வளவு கொதிக்கிறது என்று அதற்குத் தெரியாது. சூடு பொறுக்காவிட்டால் பாம்பு விலகிவிடும் என்று நம்பி இருக்க வேண்டாம். வயிற்றுச் செதில்கள் வெந்து, பழுப்பு நிறத்தில் கொப்புளம் கட்டிய பிறகு கொண்டுவரப்படும் பாம்புகளைப் பார்க்கிறோம். அவற்றில் பல வாரக்கணக்கில் அதே இடத்தில் படுத்திருந்தவை. சுருளியின் வயிற்றை நல்ல வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள். சிவப்போ நிற மாற்றமோ இருந்தால் உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

வேண்டிய அளவுகள்: சூடான பக்கத்தில் பாம்பு படுக்கும் பரப்பு 31 முதல் 33 டிகிரி செல்சியஸ். குளிர்ந்த பக்கம் 25 முதல் 27. இரவில் எந்த இடமும் 24-க்குக் கீழே போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். ஈரப்பதம் 60 விழுக்காட்டை ஒட்டி, சட்டை உரிக்கும் நாட்களில் 70 வரை. உணரியுள்ள டிஜிட்டல் வெப்பமானி இரண்டு வாங்கி, உணரிகளை ஒளிவிடங்களுக்குள் பாம்பு படுக்கும் மட்டத்தில் வையுங்கள். தெர்மோஸ்டாட்டின் உணரி பாய்க்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கட்டும். பாம்பு அதை இழுத்து நகர்த்திவிட்டால் சூடு எங்கே போகும் என்று சொல்ல முடியாது.

தனிமரம் | நவம்பர் 11, பகல் 1:40

எல்லாம் சரி, ஆனால் விலங்கு பட்டினி கிடக்கும்போது இலையும் காகிதமும் ஒட்டிக்கொண்டிருப்பதா? உயிருள்ள எலியை விடுங்கள். அசைவைப் பார்த்தால் வேட்டை உணர்வு தானாக வரும். அப்படியும் எடுக்காவிட்டால் வாயைத் திறந்து ஊட்டிவிடலாம். என் பாம்பு ஒன்று ஐந்து மாதம் சாப்பிடாமல் இருந்தபோது அப்படித்தான் ஊட்டினேன். பிழைத்துக்கொண்டது.

கரையான்புற்று | நவம்பர் 11, மாலை 5:22

தனிமரம், உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இங்கே என்னால் ஒத்துப்போக முடியவில்லை.

ஆறு வருடத்துக்கு முன் ஒருவர் வளர்க்க முடியாமல் ஒரு பெண் பாம்பை என்னிடம் கொடுத்தார். பசியில்லாத பாம்போடு உயிருள்ள எலியை இரவு முழுவதும் விட்டுவைத்திருக்கிறார். பசித்தது எலிக்குத்தான். முதுகில் நான்கு இடங்களில் கடித்துத் தின்றிருந்தது, ஒரு இடத்தில் எலும்பு தெரிந்தது. காயம் ஆறிவிட்டது. ஆனால் என் கட்டைவிரல் அகலத்துக்குச் செதிலே இல்லாமல் வெளுத்த தழும்பு இன்றும் இருக்கிறது. ஒவ்வொரு முறை சட்டை உரிக்கும்போதும் பழைய தோல் அந்த இடத்தில் மாட்டிக்கொண்டு கிழிகிறது. நான் ஈரத்துணியால் நனைத்து, நகம் படாமல், மெல்ல மெல்ல எடுத்துவிடுகிறேன். இரையைப் பற்றிய பயமும் அதற்குப் போகவில்லை. எலி அசைந்தால் இன்றும் பின்வாங்குகிறது.

வாயைத் திறந்து ஊட்டுவது அதைவிட மோசம். அதன் பற்கள் ஊசி போல மெல்லியவை, உள்நோக்கி வளைந்தவை. இழுபறியில் ஒன்று உடைந்தாலோ ஈறு கிழிந்தாலோ, வாயில் புண் வந்து, உண்மையிலேயே இரை எடுக்க முடியாத நிலை வந்துவிடும். ஐந்து விழுக்காடு எடை குறைந்த, கட்டுடல் குலையாத ஆணுக்கு அது எதற்கு? அப்படி ஊட்டியதால் உங்கள் பாம்பு பிழைத்ததா, அல்லது ஊட்டாவிட்டாலும் பிழைத்திருக்குமா என்று நினைத்துப் பாருங்கள்.

தனிமரம் | நவம்பர் 11, இரவு 8:10

அந்தக் கேள்வியை நான் என்னிடம் கேட்டுக்கொண்டதில்லை. அப்போது எடை பார்க்கும் பழக்கம் எனக்கு இல்லை, அதனால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியவில்லை. வளர்ந்த பாம்புக்கு ஊட்டுவதைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். ஆனால் குட்டிகளுக்கு உயிருள்ள இரை சில நேரம் தேவைப்படுகிறது என்பதில் உறுதியாக இருக்கிறேன்.

அந்திமழை | நவம்பர் 12, காலை 10:02

பொன்வண்டு தம்பி, காலத்தையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள். என் ஆண் பாம்பு ஐந்து வருடமாக அக்டோபர் முதல் மார்ச் வரை எதையும் தொடுவதில்லை. இனப்பெருக்கக் காலம் வந்தால் ஆண்களுக்கு வயிறு இரண்டாம் பட்சம். இரவெல்லாம் அலைவான், மூக்கால் கதவை முட்டுவான், பெண்ணைத் தேடுவான். நான் நாட்காட்டியில் எடையை மட்டும் எழுதிக்கொண்டு போவேன். முதல் வருடம் நானும் உங்களைப் போலத்தான் தவித்தேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் விலங்குக்காட்சிசாலையில் 1961-இல் சேர்க்கப்பட்ட ஒரு பெண் பால் பைத்தான், 2020-இல், அறுபது வயதைக் கடந்த பிறகு, ஏழு முட்டைகள் இட்டது. பல வருடமாக ஆண் துணையே இல்லாமல். இவ்வளவு நீண்ட வாழ்வில் ஒரு குளிர்காலப் பட்டினி எவ்வளவு சிறியது என்று பாருங்கள். எனக்கு அந்தச் செய்தி பெரிய ஆறுதலாக இருந்தது.

விடியல் | நவம்பர் 13, இரவு 12:15

இந்த இழையைப் படித்து எனக்கும் நிம்மதி வந்தது. என் பால் பைத்தானும் ஐந்து வாரமாகச் சாப்பிடவில்லை. வாங்கும்போது 74 கிராம், இப்போது 63 கிராம். முட்டையிலிருந்து வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. நானும் காத்திருக்கலாம் அல்லவா?

நீலச்சிறகு | நவம்பர் 13, காலை 6:30

விடியல், வேண்டாம். காத்திருக்காதீர்கள். மேலே சொன்ன எதுவும் உங்கள் குட்டிக்குப் பொருந்தாது.

ஒரு கிலோவைத் தாண்டிய பாம்பின் உடலில் மாதக்கணக்கில் ஓட்டக்கூடிய கொழுப்பு இருக்கிறது. 74 கிராம் குட்டியிடம் அது கிடையாது. பதினோரு கிராம் போய்விட்டது என்றால், இருந்த எடையில் ஏறக்குறைய பதினைந்து விழுக்காடு. முட்டைக்கரு தந்த சேமிப்பும் தீர்ந்திருக்கும். இன்றோ நாளையோ, ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் கொண்டு போங்கள். முதலில் உடலில் நீர் வற்றியிருக்கிறதா என்று பார்ப்பார்கள். தோல் மடிந்து நிற்கிறதா, கண்கள் குழிந்திருக்கின்றனவா, முதுகெலும்பு கூரை முகடு போலத் துருத்துகிறதா என்று இப்போதே பார்த்து எழுதுங்கள். குட்டி எப்போதாவது தானாக இரை எடுத்ததா? விற்றவர் எதைக் கொடுத்து வளர்த்தார்?

விடியல் | நவம்பர் 13, காலை 7:02

முதுகெலும்பு தெரிகிறது. விற்றவர் உயிருள்ள சுண்டெலிக் குஞ்சு கொடுத்ததாகச் சொன்னார். நான் உறைந்த எலிக்குஞ்சு கொடுத்தேன். மூன்றடித் தொட்டியில் வைத்திருக்கிறேன். மருத்துவருக்கு நேரம் வாங்கிவிட்டேன், பகல் 11 மணிக்கு.

தனிமரம் | நவம்பர் 13, காலை 7:40

இதைத்தான் சொன்னேன். பாம்பு எதைத் தின்று வளர்ந்ததோ அதன் வாசனையைத்தான் இரை என்று அறியும். சுண்டெலி தின்ற குட்டிக்கு எலியின் வாசனை அந்நியம். மருத்துவர் பார்த்த பிறகு, அவர் சம்மதித்தால், அப்போதுதான் மயிர் முளைத்த சுண்டெலிக் குஞ்சு ஒன்றைக் கொடுங்கள். அந்த வயதில் அது பாம்பைக் காயப்படுத்தாது. இருந்தாலும் பக்கத்தை விட்டு நகராதீர்கள். குட்டியைச் சிறிய பெட்டிக்கு மாற்றுங்கள், கசக்கிய காகிதத்தால் நிரப்புங்கள். ஒரு தேநீர்க் கோப்பையைக் கவிழ்த்து வாசல் வைத்தால் அதற்கு அதுவே வீடு.

பொன்வண்டு | நவம்பர் 15, மாலை 6:50

விடியல், உங்கள் குட்டி நலமாக வேண்டும் என்று மனதார நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கத்துச் செய்தி. வெப்பத்தை அளக்கும் துப்பாக்கி வடிவக் கருவி ஒன்றை நண்பரிடம் இரவல் வாங்கினேன். தேங்காய் நார்த்தூளை ஒதுக்கிவிட்டு, பாய் இருக்கும் இடத்தில் கண்ணாடியை அளந்தேன். 44 டிகிரி. நம்ப முடியாமல் மூன்று முறை அளந்தேன். அங்கிருந்து ஒரு முழம் தள்ளி 24. இரண்டு வருடம் பழைய பெட்டியில் எப்படி நன்றாக இருந்தான் என்று யோசித்தேன். அதில் பாய்க்கும் அவனுக்கும் நடுவில் தடித்த பிளாஸ்டிக் இருந்தது. என் கையாலேயே அவனை அடுப்பின் மேல் வைத்துவிட்டேன் என்று நினைக்கும்போது தாங்க முடியவில்லை. வயிற்றில் காயம் எதுவும் இல்லை. குளிர்ந்த பக்கமே கதி என்று கிடந்ததால் தப்பித்திருக்கிறான்.

தெர்மோஸ்டாட் மாட்டிவிட்டேன், சூடான ஒளிவிடத்தில் 32, குளிர்ந்ததில் 26. ஈரப்பதம் 41 விழுக்காடுதான் இருந்தது. நார்த்தூளில் தண்ணீர் ஊற்றிக் கிளறியதில் இன்று 62. ஒரே மாதிரி இரண்டு ஒளிவிடங்கள், மூன்று பக்கமும் காகிதம். உள்ளே போன முதல் நாளே அவன் மூக்கு நுனியும் நாக்கும் மட்டும் வாசலில் தெரிந்தன. இவ்வளவு நாளில் அவன் அப்படிப் படுத்து நான் பார்த்ததே இல்லை.

கரையான்புற்று | நவம்பர் 15, இரவு 9:15

மூக்கு நுனி மட்டும் வாசலில் தெரிகிறது என்றால் வேட்டைக்குக் காத்திருக்கும் நிலை அது. மிக நல்ல செய்தி. உங்களை நீங்களே வருத்திக்கொள்ள வேண்டாம்; அளந்தீர்கள், திருத்தினீர்கள்.

இனி இரண்டு வாரம் தண்ணீர் மாற்றுவதைத் தவிர வேறு எதற்கும் கையை உள்ளே விடாதீர்கள். பிறகு ஒரு எலி, ஒரே ஒரு முறை. எடுக்காவிட்டால் அடுத்த முயற்சி பத்து நாள் கழித்து. மூன்று நாளுக்கு ஒரு முறை முகத்துக்கு நேரே எலியை ஆட்டினால் எலி என்றாலே தொல்லை என்று பாம்பு பழகிவிடும்.

இரையை எப்படித் தயார் செய்வது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள், அதனால் விரிவாகச் சொல்கிறேன். உறைந்த எலியை முதல் நாள் இரவே குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள். மறுநாள் மூடிய பையில் போட்டு வெதுவெதுப்பான நீரில் அமிழ்த்துங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. வெளியே வெந்து உள்ளே உறைந்திருக்கும், வயிறும் வெடிக்கும். வயிற்றை அழுத்திப் பார்த்தால் நடுவில் குளிர்ந்த கட்டி எதுவும் தட்டுப்படக் கூடாது. பிறகு நன்றாகத் துடைத்து உலர்த்துங்கள். கடைசியில் தலையை மட்டும் முடி உலர்த்தியால் சூடாக்கி, 38 டிகிரியை ஒட்டிக் கொண்டுவாருங்கள். பால் பைத்தானின் மேலுதட்டோரத்தில் வரிசையாகச் சிறு குழிகள் இருக்கின்றன அல்லவா, அவை வெப்பத்தைப் 'பார்க்கும்' உறுப்புகள். அறை வெப்பத்தில் இருக்கும் எலி, இருட்டில் அவற்றுக்கு ஒரு கல்லைப் போலத்தான். தலை சூடாக இருந்தால் எங்கே கடிப்பது என்று அவனுக்குத் தெரியும்.

விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்துக் கொடுங்கள். நீண்ட இடுக்கியால் வாலைப் பிடித்து, வாசலுக்கு ஒரு சாண் முன்னால், தரையை ஒட்டி, அவன் பார்வைக்குக் குறுக்காக மெல்ல நகர்த்துங்கள். முகத்தை நோக்கிக் கொண்டு போகாதீர்கள். எந்த இரையும் பாம்பை நோக்கி நடந்து வராது.

விடியல் | நவம்பர் 16, இரவு 8:25

மருத்துவர் நீர் வற்றியிருக்கிறது என்றார். தோலுக்கடியில் திரவம் ஏற்றினார். வாயிலும் மூச்சிலும் கோளாறு இல்லை, எச்சத்தில் ஒட்டுண்ணி இல்லை. இரண்டு நாள் வெதுவெதுப்பில் அமைதியாக வைக்கச் சொன்னார். பிறகு சுண்டெலிக் குஞ்சு கொடுக்கலாம், அது எடுக்காவிட்டால் அவரே உதவி செய்து ஊட்டுவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்று மாலை சிறிய பெட்டியில், கவிழ்த்த கோப்பைக்கு வெளியே குஞ்சை வைத்துவிட்டு நான் அசையாமல் உட்கார்ந்தேன். இருபது நிமிடம் ஒன்றுமில்லை. கால் மரத்துவிட்டது. பிறகு நாக்கு வேகமாக வந்து வந்து போனது. திடீரென்று ஒரு சிறு சத்தம், கோப்பை நகர்ந்தது. எட்டிப் பார்த்தால் விரல் தடிமன்கூட இல்லாத அந்த உடல் குஞ்சை இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன்.

நீலச்சிறகு | நவம்பர் 16, இரவு 8:41

படித்து எனக்கும் கண் கலங்கியது. இரண்டு நாள் தொடவே தொடாதீர்கள். கக்கிவிட்டால் இருப்பதும் போய்விடும். ஐந்தாறு நாள் கழித்து அதே அளவு, அதே இரை. எலிக்கு மாற்றுவதை, தொடர்ந்து ஐந்து முறை உண்ட பிறகு யோசிக்கலாம். அப்போது சுண்டெலி இருந்த மரத்தூளில் எலிக்குஞ்சைப் புரட்டிக் கொடுத்தால் போதும்.

பொன்வண்டு | டிசம்பர் 15, இரவு 10:10

நவம்பர் 30: நாக்கை நீட்டினான், பின்வாங்கவில்லை, எடுக்கவும் இல்லை. டிசம்பர் 10: அப்படியே. எடை 1,066. இரவெல்லாம் அலைகிறான், மூக்கால் கதவை இடிக்கிறான். நேற்றிலிருந்து உடம்பு மங்கிப்போய் வயிற்றுப்பக்கம் இளஞ்சிவப்பாகத் தெரிகிறது. நோயா?

அந்திமழை | டிசம்பர் 16, காலை 9:30

நோயில்லை தம்பி, சட்டை உரிக்கப் போகிறான். சில நாளில் கண் நீலம் பூத்து மங்கும், பிறகு தெளியும், அதற்கப்புறம் உரிப்பான். அந்த நாட்களில் கண் சரியாகத் தெரியாததால் இரை கொடுக்கவே வேண்டாம். ஈரப்பதத்தை 70-க்கு ஏற்றுங்கள். உரித்த சட்டையில் இரண்டு கண் மூடிகளும் (கண்ணின் மேல் இருக்கும் கண்ணாடி போன்ற செதில்கள்) வந்திருக்கின்றனவா என்று விரித்துப் பாருங்கள். அலைவது இனப்பெருக்கக் காலத்து அலைச்சலாகத்தான் இருக்க வேண்டும். மூக்கில் மட்டும் புண் வராமல் கவனித்துக்கொள்ளுங்கள்.

நீலச்சிறகு | டிசம்பர் 16, மாலை 7:05

ஒப்புக்கொள்கிறேன். எந்த நிலையில் காத்திருப்பதை நிறுத்த வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பட்டினி இயல்பு என்ற நம்பிக்கையில் உண்மையான நோயைத் தவறவிடுபவர்களும் இருக்கிறார்கள். எடை பத்து விழுக்காட்டுக்கு மேல் குறைந்தால், அதாவது சுருளி 1,026-க்குக் கீழே போனால், மருத்துவரிடம் காட்டுங்கள். எண் எதுவாக இருந்தாலும், மூச்சில் விசில் சத்தம், வாயைத் திறந்து மூச்சு விடுவது, மூக்கிலோ வாயிலோ குமிழி, ஈறில் சீழ், கக்கல், தலையைத் தூக்கி வானத்தைப் பார்த்தபடி உறைந்து நிற்பது, தண்ணீர்க் கிண்ணத்தில் மிளகுத்தூள் போலக் கறுப்புப் புள்ளிகள் (அவை உண்ணிகள்) இதில் எது தெரிந்தாலும் அன்றே போக வேண்டும். நோயில்லாவிட்டாலும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை எச்சத்தைப் பரிசோதிப்பது வீண் செலவில்லை.

பொன்வண்டு | ஜனவரி 18, இரவு 11:55

கை இன்னும் நடுங்குகிறது. எழுதிவிட்டுத்தான் தூங்குவேன்.

டிசம்பர் 24 அன்று ஒரே துண்டாகச் சட்டை உரித்தான், இரண்டு கண் மூடிகளும் இருந்தன. ஜனவரி 5-இல் எடை 1,058. அன்று எலி கொடுக்கவில்லை. இன்று, பழைய அளவை விடச் சிறியதாக, 60 கிராம் எலி ஒன்றைப் புற்று அண்ணா சொன்னபடியே தயார் செய்தேன். விளக்கை அணைத்து ஒரு மணி நேரம் கழித்து, கதவை ஒரு கை அளவு மட்டும் திறந்தேன். சூடான ஒளிவிடத்தின் வாசலில் மூக்கு நுனி. எலியைக் குறுக்கே நகர்த்தினேன். நாக்கு ஒரு முறை, இரண்டு முறை. கழுத்து மெல்ல எஸ் வடிவில் மடிந்தது. நான் மூச்சு விடவில்லை. இடுக்கி என் கையிலிருந்து பிடுங்கப்பட்டது போல ஒரு இழுப்பு. அப்படியே எலியோடு உள்ளே போய்விட்டான். இருட்டில் செதில்கள் சுவரில் உரசும் சத்தம் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது. பிறகு அதுவும் நின்றது. நாற்பது நிமிடம் கழித்து டார்ச்சின் ஓரத்து வெளிச்சத்தில் பார்த்தேன். வாயை இரண்டு முறை அகலத் திறந்து தாடையைச் சரிசெய்துகொண்டான். கழுத்துக்குக் கீழே ஒரு புடைப்பு.

147 நாள்.

கரையான்புற்று | ஜனவரி 19, காலை 5:50

விழித்ததும் கண்ணில் பட்ட முதல் செய்தி இது. நெஞ்சு நிறைந்துவிட்டது. அடுத்த இரை இரண்டு வாரம் கழித்து, அதே சிறிய அளவில். நீண்ட பட்டினிக்குப் பிறகு ஒரேயடியாகப் பெரிய எலி கொடுத்தால் உடல் தாங்காது. அதையும் மறுத்தால் கலங்காதீர்கள், இனப்பெருக்கக் காலம் இன்னும் முடியவில்லை.

விடியல் | பிப்ரவரி 3, மாலை 6:15

பொன்வண்டு, சுருளி இரண்டாவது முறை சாப்பிட்டானா? என் குட்டி இன்று 96 கிராம். நேற்று முதன்முறையாக உறைந்த எலிக்குஞ்சை எடுத்தது. ஒரு கேள்வி: எப்போது கையில் எடுக்கலாம்?

பொன்வண்டு | பிப்ரவரி 3, இரவு 9:00

நேற்று சாப்பிட்டான், 1,096 கிராம். உங்கள் குட்டியின் எண்ணைப் பார்த்து வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். கையில் எடுப்பதை நானும் இன்னும் தொடங்கவில்லை. தொடர்ந்து மூன்று முறை உண்ட பிறகு, வாரம் ஒரு முறை பத்து நிமிடம் என்று வைத்திருக்கிறேன். மாலையில் தொட்டிக்கு எதிரே உட்கார்ந்து, வாசலில் அந்த மூக்கு நுனி வருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்கிறேன்.